ஆபரேஷன் முடிந்தும் முதுகு வலி தீரவில்லையா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல் பிரித்தாகிவிட்டது. லீவு தீர்ந்து வேலைக்கும் திரும்பியாகிவிட்டது. ஆனால் முதுகு வலி மட்டும் போகவில்லை.

மும்பையில் பாடுபடும் தமிழர்களிடையே இந்தக் குறையை அடிக்கடி கேட்கலாம். தாராவியில் குனிந்தபடி தோல் பை தைப்பவர் சொல்கிறார். பட்டறையில் இரும்பு தூக்குபவர் சொல்கிறார். கோட்டைப் பகுதியில் காலை முதல் மாலை வரை நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் குமாஸ்தாவும் சொல்கிறார்.

மனைவியின் நகையை அடகு வைத்து, ஊரில் கடன் வாங்கி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உண்டு. அவ்வளவு செலவு செய்தும் வலி நிற்கவில்லை என்றால் மனம் உடைந்துபோகும்.

அப்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. ஆபரேஷன் வீண்தானா? மறுபடியும் கத்தி வைக்கவேண்டுமா? இனிமேல் வேலை பார்க்க முடியுமா?

இந்த மூன்றுக்கும் பதில் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பலருக்கும் உள்ள தொல்லை

முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்துகொண்ட 100 பேரில் 10 முதல் 40 பேர் வரை ஏதாவது ஒரு அளவில் வலி தொடர்வதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. எந்த ஆபரேஷன், எதற்காகச் செய்தது என்பதைப் பொறுத்து இந்த எண்ணிக்கை கூடும், குறையும்.

இந்த வலிக்கு நெடுங்காலமாக டாக்டர்கள் வைத்திருந்த பெயர் "தோற்றுப்போன முதுகு ஆபரேஷன்" என்பதாகும். இந்தப் பெயரைக் கேட்டதுமே நோயாளி பயந்துவிடுவார். யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று நினைப்பார். பல பேருக்கு ஆபரேஷன் சரியாகவே நடந்திருக்கும். ஆனாலும் வலி இருக்கும். ஆகவே 2021-ல் வலி நிபுணர்கள் பலர் சேர்ந்து பெயரை மாற்றச் சொன்னார்கள். "தொடரும் முதுகுத்தண்டு வலி" என்ற பொருளில் புதுப் பெயர் வைத்தார்கள்.

முதுகில் நடப்பது என்ன?

இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. இரண்டு எலும்புக்கு நடுவே ஒரு மெத்தை போன்ற தட்டு உண்டு. இதைத்தான் டிஸ்க் என்கிறார்கள். நம் ஊரில் ஜவ்வு என்பார்கள்.

டிஸ்க்கின் உள்ளே கூழ் போன்ற பொருள் இருக்கிறது. சுற்றிலும் கெட்டியான நார் வளையம். அந்த வளையம் கிழிந்தால் உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி வெளியே வரும். பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தும். அந்த நரம்பு காலுக்குப் போகிற நரம்பு. அதனால்தான் கோளாறு முதுகில் இருந்தாலும், பின்தொடை, கெண்டைக்கால், பாதம் என்று வலி இறங்குகிறது. பெரும்பாலும் இடுப்பின் அடிப்பாகத்தில் உள்ள கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இது ஏற்படும்.

இந்த உண்மையை உலகுக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர்களான மிக்ஸ்டர், பார் இருவரும். 1934-ல் அவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் டிஸ்க் ஆபரேஷன் உலகெங்கும் பரவியது.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பிதுங்கிய துண்டை எடுப்பது நரம்பின் மேல் உள்ள அழுத்தத்தை நீக்குவதற்காக. ஆகவே இந்த ஆபரேஷனால் கால் வலி குறைவதுபோல் முதுகு வலி குறைவதில்லை. தேய்ந்த டிஸ்க், தளர்ந்த தசை, உரசும் மூட்டு ஆகியவை அப்படியேதான் இருக்கின்றன.

காலில் இறங்கிய வலி நின்று, முதுகில் மட்டும் கொஞ்சம் வலி மிச்சம் இருந்தால், உங்கள் ஆபரேஷன் வீண் என்று நினைக்கவேண்டாம். எந்த வேலைக்காகச் செய்தார்களோ அந்த வேலை முடிந்திருக்கிறது.

வலி நிற்காததற்குக் காரணங்கள்

காரணம் ஆளுக்கு ஆள் மாறும். முக்கியமானவை இவை:

ஒன்று: நரம்பு நீண்ட நாள் நசுங்கிக் கிடந்திருக்கலாம். அழுத்தத்தை எடுத்த பிறகும் அது தேற நாளாகும். சேதமான நரம்பு இழை வளரும் வேகம் நாள் ஒன்றுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆவது இதனால்தான். சிலருக்கு முழுவதும் திரும்பாமலும் போகலாம்.

இரண்டு: அதே டிஸ்க் மறுபடியும் பிதுங்கலாம். இவர்களுக்குக் கால் வலி முழுவதும் நின்று, சில வாரமோ மாதமோ சுகமாக இருந்து, பிறகு திடீரென்று திரும்ப வரும்.

மூன்று: ஆபரேஷன் செய்த இடத்தில் உள்ளே தழும்பு கட்டும். வெளித்தோலில் தழும்பு இருப்பது போலத்தான் இதுவும். சிலருக்கு இந்தத் தழும்பு நரம்போடு ஒட்டிக்கொள்கிறது.

நான்கு: ஸ்குரூ வைத்து எலும்பை இணைத்தவர்களுக்கு, எலும்பு சரியாகக் கூடாமல் இருக்கலாம். அல்லது இணைத்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள டிஸ்க் அதிகப் பாரம் தாங்கித் தேயலாம்.

ஐந்து: வலிக்கு மூலகாரணம் வேறு இடத்தில் இருக்கலாம். இடுப்பு மூட்டு, முதுகின் சிறு மூட்டுகள் ஆகியவையும் இதே மாதிரி வலி தரும்.

ஆறு: படுத்தே கிடந்ததால் முதுகு, வயிறு, தொடைத் தசைகள் வலுவிழந்திருக்கலாம். இது மிகச் சாதாரணமாகக் காணப்படும் காரணம். நம் கையால் சரிசெய்யக்கூடிய காரணமும் இதுதான்.

ஏழு: நீண்ட நாள் வலித்ததால் நரம்பு மண்டலமே பழகிப்போயிருக்கலாம். திருடன் வரும்போது அடிக்கவேண்டிய மணி, பூனை போனாலும் அடிப்பதுபோல, சின்ன அசைவுக்கும் வலி எழும். இது கற்பனை கிடையாது. நிஜமான வலிதான். ஆனால் அந்த வலி, உள்ளே புதிதாக ஏதோ கிழிகிறது என்பதற்கு அடையாளம் ஆகாது.

இவை இருந்தால் உடனே ஓடுங்கள்

கீழே சொல்லும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது. மலம் அடக்கமுடியாமல் போவது.

ஆசனவாய், பிறப்புறுப்பு, தொடையின் உள்பக்கம் ஆகிய இடங்கள் மரத்துப்போவது.

பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபடுவது. காலில் பலம் நாளுக்கு நாள் குறைவது.

காய்ச்சல், குளிர் நடுக்கம், தையல் போட்ட இடத்தில் சீழ் அல்லது தண்ணீர் கசிவது.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கால் வீங்கி, கெண்டைக்கால் வலிப்பது. திடீரென மூச்சு வாங்குவது.

"நாளைக்கு ஷிப்ட் முடித்துவிட்டுப் போகலாம்" என்று தள்ளிப்போட்டால், சிறுநீர்க் கோளாறும் கால் பலவீனமும் நிரந்தரமாகிவிடக்கூடும்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

மும்பை ஆஸ்பத்திரிகளில் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம். வலியைத் தமிழில் எப்படி எப்படியோ சொல்லலாம். குடைச்சல், சுரீர், எரிச்சல், மதமதப்பு என்று நமக்கு எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அங்கே போய் நின்றதும் "தர்த், தர்த்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

வலியின் வகையை வைத்துத்தான் டாக்டர் காரணத்தைக் கண்டுபிடிப்பார். எரிச்சலும் ஊசி குத்தலும் நரம்பிலிருந்து வருவது. குனிந்தால் நிமிர்ந்தால் பிடிப்பது தசையிலும் மூட்டிலும் இருந்து வருவது. இரண்டுக்கும் மருந்து வேறு.

சில சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்கு இந்தியில் கமர், மராத்தியில் கம்பர். எரிச்சலுக்கு இந்தியில் ஜலன், மராத்தியில் ஜள்ஜள். மரத்துப்போவதற்கு இந்தியில் சுன், மராத்தியில் பதீர். ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சிக்கு இந்தியில் ஜுன்ஜுனி, மராத்தியில் முங்க்யா. பலவீனத்துக்கு இந்தியில் கம்ஜோரி. சிறுநீருக்குப் பேஷாப்.

போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷன் குறிப்பு, பழைய ஸ்கேன் படங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை ஆகிய நான்கையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஆபரேஷன் குறிப்பு கையில் இல்லாவிட்டால், ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டு நகல் வாங்குங்கள். ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டு இங்கே வந்து பார்ப்பவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள். ஆபரேஷனுக்கு முன்பு வலி எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது? நடுவில் சுகமாக இருந்த நாட்கள் உண்டா? எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது?

ஸ்கேன் படத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையில் "டிஸ்க் பிதுக்கம்" என்று எழுதியிருந்தால் உயிரே போனமாதிரி சிலர் ஆகிவிடுகிறார்கள்.

1994-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 100-க்கு 36 பேருக்குத்தான் எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தன. 100-க்கு 52 பேருக்கு ஒரு டிஸ்க்காவது உப்பியிருந்தது. அவர்கள் எல்லாரும் வலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள்!

ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. உடம்பில் உள்ள அறிகுறியும் படமும் ஒத்துப்போகவேண்டும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு, ஊசி மூலம் ஒரு மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தால் தழும்பா, புதிய டிஸ்க் பிதுக்கமா என்று பிரித்துச் சொல்லமுடியும். இதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

மறுபடியும் ஆபரேஷனா?

அவசர அறிகுறி இருந்தால் யோசிக்க இடமில்லை. டிஸ்க் மறுபடி பிதுங்கி நரம்பை அழுத்துவது படத்திலும் உடம்பிலும் தெளிவாகத் தெரிந்து, மற்ற சிகிச்சையில் கால் வலி அடங்காவிட்டாலும், ஸ்குரூ தளர்ந்திருந்தாலும், இரண்டாவது ஆபரேஷன் பலன் தரலாம்.

காரணம் தெரியாமல், "வலிக்கிறது, திறந்து பார்ப்போம்" என்று செய்யும் ஆபரேஷனால் லாபம் இல்லை. முதல் தடவையைவிட இரண்டாம் தடவையும், இரண்டாம் தடவையைவிட மூன்றாம் தடவையும் பலன் குறைந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் புதுத் தழும்பு சேரும்.

இன்னொரு கடன் வாங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வலிக்குக் காரணம் இதுதான் என்று எதைவைத்துச் சொல்கிறீர்கள்? இந்த ஆபரேஷனால் என் கால் வலி குறையுமா, முதுகு வலி குறையுமா? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பதில் கேட்டபிறகு வேறொரு டாக்டரிடமும் அபிப்பிராயம் கேட்பதில் தவறு இல்லை.

முதுகில் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு. கால் வலிக்குச் சில வாரமோ சில மாதமோ சுகம் கிடைக்கும். அந்த நாட்களில் உடற்பயிற்சியைத் தொடங்கிவிடவேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இந்த ஊசிக்குப் பிறகு சர்க்கரை ஏறும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தண்டுவடத்துக்கு அருகே மெல்லிய கம்பி வைத்து, சிறு மின்சாரத்தால் வலியை மட்டுப்படுத்தும் கருவியும் இருக்கிறது. 1967-ல் அமெரிக்க டாக்டர் ஷீலி இதை முதன்முதல் பொருத்தினார். எந்த வழிக்கும் அடங்காத நரம்பு வலிக்கு இது உதவுகிறது. ஆனால் செலவு லட்சக்கணக்கில் ஆகும்.

மாத்திரையில் கவனம்

மெடிக்கல் ஷாப்பில் போய் "முதுகு வலிக்கு ஒன்று கொடுங்கள்" என்று வாங்கிப் போட்டுக்கொள்வது நம்மிடையே சகஜம். இது ஆபத்தான பழக்கம்.

டைக்ளோபினாக், அசெக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை சில நாட்களுக்கு நல்லவை. மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண் உண்டாகும். சிறுநீரகம் கெடும். ரத்த அழுத்தம் ஏறும். மலம் கறுப்பாகப் போனாலோ, காலும் முகமும் வீங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

இந்த மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அது தெரியாமல் காய்ச்சலுக்கென்று தனியாகப் பாராசிட்டமால் போட்டால் அளவு மீறிவிடும். அளவு மீறினால் ஈரல் பாதிக்கப்படும்.

எரிச்சல், ஊசி குத்தல் உள்ள நரம்பு வலிக்கு மேலே சொன்ன மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்காது. அதற்கு காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டுலாக்சிட்டின் போன்ற வேறு மருந்துகளை டாக்டர் எழுதித் தருவார். இவற்றில் சில மனச்சோர்வுக்கும், சில வலிப்புக்கும் கொடுக்கும் மருந்துகள். "எனக்கு மனக்கோளாறு என்று நினைத்துவிட்டாரா?" என்று கோபப்படவேண்டாம். நரம்பு வலிக்கும் அவை வேலை செய்கின்றன. பலன் தெரியச் சில வாரம் ஆகும். தூக்கமும் தலைசுற்றலும் வரலாம். மெஷினில் நிற்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் இதை டாக்டரிடம் சொல்லவேண்டும். திடீரென்று நிறுத்தக்கூடாது.

டிராமடால் மாத்திரை பழக்கத்துக்கு அடிமையாக்கும். இந்த மருந்து 2018-ல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. நண்பர் கொடுத்தார் என்று வாங்கி விழுங்காதீர்கள்.

வலி மறக்க இரவில் குடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். டிராமடாலோ பிரிகாபலினோ சாப்பிட்டுவிட்டு மதுவும் குடித்தால் மூச்சு அடங்கிப்போகலாம். உயிருக்கே ஆபத்து.

பீடி, சிகரெட்டையும் விட்டாகவேண்டும். இதில் உள்ள நிகோட்டின் எலும்பு கூடுவதைத் தடுக்கும். ஸ்குரூ வைத்தவர்களுக்கு இது மிக முக்கியம்.

கடிகாரத்தைப் பார்த்து நடங்கள்

மருந்தைவிட நீண்டநாள் பலன் தருவது நடமாட்டம்தான். ஆபரேஷன் ஆன முதுகுக்கு ஓயாத ஓய்வு விஷம்.

பலர் செய்யும் தவறு இது: ஒருநாள் வலி குறைவாக இருக்கும். அன்றைக்கே தேங்கிக் கிடந்த வேலையை எல்லாம் முடித்துவிடுவார்கள். மறுநாள் எழுந்திருக்க முடியாது. மூன்று நாள் படுப்பார்கள். மறுபடி ஒரு நல்ல நாள், மறுபடி மூன்று நாள் படுக்கை. இப்படியே உடம்பு தளர்ந்துகொண்டு போகும்.

இதற்கு மாற்று வழி, வலியைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பது. 10 நிமிடம் நடந்தால் வலி கூடுகிறதா? 7 நிமிடம் நடங்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை. நல்ல நாளிலும் அதே 7 நிமிடம்தான். கெட்ட நாளிலும் முடிந்தவரை அதே 7 நிமிடம். வாரத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூட்டுங்கள். மூன்று நான்கு மாதத்தில் ஒரே மூச்சில் அரைமணி நேரம் நடக்கிற அளவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள்.

நடக்கும்போது கொஞ்சம் வலிப்பதால் கெடுதல் இல்லை. அந்த வலி மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் சரியான அளவில் நடக்கிறீர்கள் என்று பொருள். வலி கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள்.

முதுகு, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. பரேலில் உள்ள கே.இ.எம்., தாராவிக்குப் பக்கத்திலுள்ள சயான் ஆஸ்பத்திரி ஆகிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. ஹாஜி அலியில் மத்திய அரசின் உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிலையம் 1955 முதல் இயங்குகிறது.

ஊருக்குப் போகிற சமயத்தில் முதுகில் ஏறி மிதிப்பது, உடம்பை முறுக்கிச் சொடுக்கு எடுப்பது ஆகியவற்றுக்கு உடன்படாதீர்கள். அதுவும் ஸ்குரூ வைத்தவர்கள் கூடவே கூடாது. இதமான வெந்நீர் ஒத்தடத்தால் கெடுதல் இல்லை. மரத்துப்போன இடத்தில் மட்டும் சூடு வைக்கக்கூடாது. தோல் வெந்தாலும் தெரியாது.

சுமையும் நாற்காலியும்

1999-ல் ஜெர்மனியில் ஒருவரின் டிஸ்க்குக்குள் அழுத்தமானி வைத்து அளந்து பார்த்தார்கள். நிற்கும்போது இருக்கும் அழுத்தத்தை ஒரு பங்கு என்று வைத்தால், படுத்திருக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோ தூக்கும்போது ஏறத்தாழ நாலரை மடங்கு! முழங்காலை மடக்கித் தூக்கும்போது அதே 20 கிலோவுக்கு சுமார் மூன்றரை மடங்கு. தூக்கிய சுமையை உடம்போடு அணைத்துப் பிடித்தால் இரண்டு மடங்கு சொச்சம்தான்.

இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். குழாயடியில் 20 லிட்டர் கேனைத் தூக்குவதைவிட 10 லிட்டர் கேன் இரண்டைக் கைக்கு ஒன்றாகத் தூக்குங்கள். நிறைந்த கேஸ் சிலிண்டர் 30 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதைத் தூக்காதீர்கள். சக்கரம் வைத்த வளையத்தில் தள்ளுங்கள். சுமையோடு இடுப்பை முறுக்கித் திரும்பாதீர்கள். பாதத்தை எடுத்துவைத்து முழு உடம்போடு திரும்புங்கள்.

குமாஸ்தாக்களுக்கு உட்காருவதே சுமை. எந்த நாற்காலியாக இருந்தாலும் ஒரே நிலையில் இருப்பதுதான் கெடுதல். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடம் நடங்கள். தண்ணீர் பாட்டிலைத் தொலைவில் வைத்தால் எழுந்தே ஆகவேண்டும். இடுப்பு வளைவுக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். கால் தரையில் படவேண்டும்.

மின்சார ரயில் நெரிசல் தனிப் பிரச்சினை. முடிந்தால் ரயில் புறப்படும் நிலையத்திலேயே ஏறுங்கள். வேக ரயிலைவிட மெதுவான ரயிலில் நெரிசல் குறைந்திருந்தால் அதில் போங்கள். அரைமணி முன்னதாக வந்து அரைமணி முன்னதாகப் போக மானேஜரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். கேட்டால் கொடுக்கும் மானேஜர்களும் இருக்கிறார்கள்.

ஊருக்குப் போகும் ரயில் பயணம் ஒரு நாளுக்கு மேல் நீளும். கீழ் பெர்த் கேட்டுப் பதிவு செய்யுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். பெட்டியைத் தூக்கப் போர்ட்டரைக் கூப்பிடுங்கள். அந்தக் கூலி, மருந்துச் செலவைவிடக் குறைவுதான்.

பரணில் ஏணி வைத்து ஏறித் தூங்குபவர்கள், முதல் சில வாரமாவது கீழே படுக்க இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியே தெரியாத வலி

கை முறிந்தால் கட்டுத் தெரியும். முதுகு வலி யாருக்கும் தெரியாது. "என்ன அண்ணாச்சி, ஆபரேஷன் ஆகி ஆறு மாசம் ஆச்சே, இன்னுமா வலி?" என்று கூட வேலை செய்பவர் கேட்பார். வேலைக்குப் பயந்து நடிக்கிறான் என்று மேஸ்திரி நினைப்பார். ஊருக்குப் போன் செய்தால் "சுகம்தான்" என்று நாமே பொய் சொல்லுவோம்.

இப்படித் தனியாகச் சுமக்கும்போது தூக்கம் போகும். தூக்கம் போனால் மறுநாள் வலி கூடும். வலி கூடினால் கவலை கூடும். இந்தச் சக்கரத்தை எங்காவது ஓரிடத்தில் நிறுத்தவேண்டும். வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். எதிலும் மனம் ஒட்டாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், அதையும் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. அந்தச் சிகிச்சையால் வலியும் குறைகிறது.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: அவரைப் படுக்கவைத்து எல்லா வேலையையும் நீங்களே செய்வது அன்புதான். ஆனால் அதனால் அவர் உடம்பு தளரும். காய் நறுக்குவது, கடைக்கு நடப்பது என்று சின்ன வேலைகளை அவரிடம் விடுங்கள்.

சம்பளத்துக்கு என்ன வழி?

இ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிகள் பலருக்குத் தங்கள் உரிமை முழுவதும் தெரிவதில்லை. 2017 ஜனவரியில் இதற்கான சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய் ஆக்கப்பட்டது. சீட்டைத் தேடிப் பாருங்கள்; பிடித்தம் இருந்தால் நீங்கள் அதில் இருக்கிறீர்கள்.

நோய்க்காலச் சலுகையாக, சம்பளத்தில் 100-க்கு 70 பங்கு வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பது இ.எஸ்.ஐ. விதி. இதற்கு மேலும் நீண்டகால நோய்கள் 34-க்கு நீட்டிப்புச் சலுகை உண்டு. அதில் 100-க்கு 80 பங்கு, 2 வருடம் வரை கிடைக்கும். டிஸ்க் பிதுக்கமும் அந்த 34-ல் ஒன்று! இதற்குத் தொடர்ந்து 2 வருடம் வேலையில் இருந்திருக்கவேண்டும். சந்தாக் கணக்கும் சரியாக இருக்கவேண்டும். இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நடக்காது. வெளி ஆஸ்பத்திரியில் காட்டுபவர்களும் அந்தச் சான்றிதழை இடைவெளி இல்லாமல் வாங்கி வைக்கவேண்டும். உங்கள் கிளை அலுவலகத்தில் போய் நேரில் விசாரியுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது முழுச் சுமைக்கு நேரே போகவேண்டாம். முதலில் இலகுவான வேலை, பிறகு படிப்படியாகப் பழைய வேலை என்று எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். வாயால் சொல்வதைவிட டாக்டர் கைப்பட எழுதிய சீட்டுக்கு முதலாளியிடம் மதிப்பு அதிகம். முழுவதும் குணமான பிறகுதான் வேலை என்று வருடக்கணக்கில் வீட்டில் இருந்தவர்களுக்குத் திரும்பிப் போவது மேலும் கடினமாகிவிடுகிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

வலி எவ்வளவு என்று தினமும் எண்ணிக்கொண்டிருந்தால் மனம் வலியிலேயே இருக்கும். அதற்குப் பதிலாக என்ன செய்ய முடிந்தது என்று எழுதிவையுங்கள்.

இந்த வாரம் எத்தனை நிமிடம் நடந்தேன்? எத்தனை நேரம் தொடர்ந்து உட்கார்ந்தேன்? எத்தனை நாள் வேலைக்குப் போனேன்? இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினேன்? மாதக் கடைசியில் புரட்டிப் பாருங்கள். வலி அப்படியே இருக்கிறது என்று நீங்கள் நினைத்தாலும், 7 நிமிட நடை 15 நிமிடம் ஆகியிருப்பது அதில் தெரியும். டாக்டரிடம் காட்டவும் அது உதவும்.

சிலருக்கு வலி முழுவதும் போகும். பலருக்குக் குறைந்து, ஒரு ஓரத்தில் இருக்கும். அந்த மிச்ச வலியோடும் வேலைக்குப் போகலாம், பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம், பொங்கலுக்கு ஊருக்குப் போய் வரலாம். இன்று மாலை 7 நிமிடம் நடந்து, நோட்டின் முதல் வரியை எழுதுங்கள்.